ஏறும்போது ஒரு புகை, இறங்கியபின் ஒரு புகை

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. 1944இல் திறந்த பழைய மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு. 1970களில் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இரண்டுமே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஏற 28 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது தேவஸ்தானம் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. விபத்தைத் தடுக்கத்தான் அது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து நூறு சிசி வண்டிகளில் இரண்டிரண்டு பேராக வந்து குவிகிறார்களே, அந்த வண்டிகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். ஏற்றத்தில் புகைவிடும் வண்டி வேறு. இறக்கம் முழுவதும் சமர்த்தாக வந்துவிட்டு, சமதரையில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் குபுக்கென்று புகைவிடும் வண்டி வேறு. இரண்டும் அதே நீலப் புகை, அதே எரிந்த ஆயில் வாடை. நோய்தான் வேறு வேறு.

"வண்டி ஆயில் குடிக்குது" என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். பிறகு மெக்கானிக் "இன்ஜினை இறக்கணும்" என்பார், நாமும் தலையாட்டுவோம். ஆனால் புகை வருவது நோயின் தொடக்கம் அல்ல, கிட்டத்தட்ட முடிவு. அதற்கு முன்பே, வெகு மலிவாகவே, இன்ஜினைக் காப்பாற்ற நிறைய சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள, உள்ளே எது எதோடு உரசுகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் மிகுதியாக ஓடும் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது, 1994இல் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 49.5 மில்லிமீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது, அதாவது வண்டி டாப் கியரில் ஐம்பது சொச்சம் வேகத்தில் போகும்போது, பிஸ்டன் நிமிடத்துக்கு 495 மீட்டர் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நாம் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியபடியே நாற்பது கிலோமீட்டர் நடந்துவிடுகிறது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசியிருந்தால் பாதி வழி தாண்டுவதற்குள் கதை முடிந்திருக்கும். முடியாமல் வைத்திருப்பது நடுவில் உள்ள ஆயில் படலம். அதன் தடிமன் சில மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

அவ்வளவு மெல்லிய ஆயில் அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்குகிறது? இதற்கு விடை ரயில் வண்டியின் அச்சிலிருந்து கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடித்தார், அதையும் தள்ளியது. சுழலும் அச்சு, தானே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துப்போய், தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது அப்போது புரிந்தது. 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். 1902இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் இன்னும் தெளிவாக்கினார்: ஆயிலின் கெட்டித்தன்மையும் வேகமும் கூடினால் படலம் தடிக்கும், பாரம் கூடினால் மெலியும். ஓர் அளவுக்குக் கீழே மெலிந்தால் உலோகத்தின் மேடுகள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும்.

மூன்றே விஷயம்தான்: கெட்டித்தன்மை, வேகம், பாரம். மலையேற்றத்தில் இந்த மூன்றும் சேர்ந்து சதி செய்கின்றன.

வேகத்திலிருந்து தொடங்குவோம். பிஸ்டன் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்புகிறது. 5,000 சுற்றில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் நிறுத்தம். நிற்கும் கணத்தில் வேகம் பூஜ்யம், படலம் சரிகிறது. கீழே நிற்பதால் அதிகக் கேடில்லை. மேலே நிற்கும் நேரத்தில்தான் பெட்ரோல் எரிகிறது. அங்கேதான் வெப்பமும் அழுத்தமும் உச்சம். அதனால் சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு வளையமாகக் குழிவிழுகிறது. அதற்கு மேலே ரிங் எட்டாத பகுதி தேயாமல் விளிம்பாக நிற்கும். ஹெட்டைக் கழற்றியதும் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் செய்வது, விரலை உள்ளே விட்டு நகத்தால் அந்த இடத்தைத் தடவுவது. நகம் தட்டினால் கேஜ் வைத்துப் பார்க்கும் முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். "ரிங் மட்டும் மாத்திக் குடுங்க, போதும்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அவர் மறுப்புச் சொல்வதும் இதனால்தான். புது ரிங்கின் கூரான ஓரம் அந்த விளிம்பில் போய் முட்டும், உடையும். உடைந்த துண்டு கீறியபின் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது பாரம். இருவரும் ஒரு பையுமாக ஏறும் நூறு சிசி வண்டி, திருப்பதியிலிருந்து திருமலை வரை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்குத் தன்னையும் சேர்த்து 240, 250 கிலோவைத் தூக்க வேண்டும். 28 நிமிடத்தில் என்று கணக்குப் போட்டால், தூக்குவதற்கு மட்டும் சராசரியாக ஒரு கிலோவாட் வேண்டும். இன்ஜினின் முழுச் சக்தியில் ஆறில் ஒரு பங்குதான். பயந்த அளவுக்கு இல்லை. சமதரையில் ஓடத் தேவையான சக்தியோடு இதைச் சேர்த்தாலும் இன்ஜின் திணற வேண்டிய அவசியமில்லை. திணறுவது நாம் கியரைக் குறைக்காததால். "சத்தம் போடாம ஏறினா இன்ஜினுக்கு நல்லது" என்ற எண்ணத்தில் பலர் மூன்றாவது, நான்காவது கியரிலேயே வளைவைத் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, வண்டி முக்கி முனகி ஏறுவதைக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஸ்ட்ரிபெக் கணக்கில் இதைவிட மோசமான நிலை இல்லை. சுற்று குறைவு, பாரம் உச்சம். பிஸ்டனின் பாவாடைப் பக்கமும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருக்கும் பேரிங்கும் ஒரே நேரத்தில் அடிவாங்குகின்றன. இரண்டாவது கியரில் கொஞ்சம் சத்தத்தோடு சுறுசுறுப்பாக ஏறுவதுதான் இன்ஜினுக்குச் சுகம். சத்தம் நம் காதுக்குத்தான் தொந்தரவு.

மூன்றாவது, கெட்டித்தன்மை. சூடு ஏற ஏற ஆயில் தண்ணீராகிறது. மே மாதத் திருப்பதியில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு அந்தக் காற்றுதான் கதி. அதுவும் ஏற்றத்தில் வேகம் குறைவு. இந்த நிலையில் நான் அடிக்கடி பார்ப்பது, முன்னால் லெக் கார்டில் துணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவது. சிலிண்டரின் மீது வரிசையாகத் தகடு தகடாக இருக்கிறதே, அந்தச் சிறகுகளின் வழியே காற்று போனால்தான் சூடு இறங்கும். பை அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆற்று மணலில், களத்துமேட்டில் ஓடிய வண்டிகளில் சிறகுகளுக்கு நடுவே சேறு காய்ந்து அடைத்திருக்கும். வண்டியைக் கழுவும்போது டேங்கைப் பளபளவென்று துடைப்பவர்கள் அங்கே ஒரு பழைய பல்துலக்கியை விட்டு எடுத்தால் அதுவே பெரிய பராமரிப்பு.

ஆனால் சூட்டைவிட, கியரைவிட, நான் முதலில் சொல்ல வேண்டியது ஆயிலின் அளவு. இந்த வண்டிகளில் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். இருநூறு மில்லி குறைந்தால் தெரியவே தெரியாது. பைக்கில் இருநூறு மில்லி போனால் கால்வாசி போயிற்று. மீதியுள்ள ஆயில் அதே வேலையைச் செய்து, அதிகம் சூடாகி, மெலிந்து, இன்னும் வேகமாக எரிகிறது. போதாக்குறைக்கு இதே ஆயில்தான் கிளச்சையும் கியர் பெட்டியையும் கவனித்துக்கொள்கிறது. (பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில். அந்த வசதி போய்விட்டது.) கியர்ப் பற்களுக்கு நடுவில் நசுங்க நசுங்க, ஆயிலுக்குக் கெட்டித்தன்மை தரும் நீண்ட மூலக்கூறுகள் துண்டாகின்றன. கையேட்டில் 3,000 முதல் 6,000 கிலோமீட்டர் வரை வண்டிக்கு வண்டி ஒரு கணக்கு இருக்கும். மாற்றும் கணக்கு அது. அளவு பார்க்கும் கணக்கு வேறு. அதை மாதம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். சமதரையில், சென்டர் ஸ்டாண்டில், சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பார்ப்பது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் வரும் அளவு பொய். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் நுழைத்துப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

"ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்" என்று சிடி100க்கு விளம்பரம் செய்தார்கள். மைலேஜைப் பற்றிய பெருமை அது, பெட்ரோலைப் பற்றிச் சொன்னது. ஒரு தலைமுறையே அதை ஆயிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

படலம் நன்றாக இருந்தாலும் இன்ஜினைக் கொல்லக் கூடிய ஒன்று உண்டு: தூசி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. அந்தக் காற்று எந்த ஊர்க் காற்று என்பது முக்கியம். திருமலை மலைப்பாதையின் ஓரத்தில் பாறை வெட்டிய இடம் ஒன்றைப் புவியியல் மாணவர்கள் தேடிவந்து பார்க்கிறார்கள். கீழே மிகப் பழைய கிரானைட். அதன் மேலே, பல பத்துக் கோடி ஆண்டு இளையதான நகரி குவார்ட்சைட். நடுவில் அத்தனை காலத்துக்கும் பாறையே பதிவாகவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. புவியியலாளருக்கு அது அதிசயம். இன்ஜினுக்கு அது ஆபத்து. குவார்ட்சைட் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கிரானைட்டிலும் கணிசமாக அதுவே. மோஸ் அளவில் அதன் கடினம் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதற்கு முன் மெத்து. மலைப்பாதையில் தார் ரோடும் காடும் இருப்பதால் தூசி குறைவுதான். குப்பம் பக்கத்துக் கிரானைட் குவாரிச் சாலைகளிலும், சொர்ணமுகி மணல் லாரிகளின் பின்னாலும் ஓடும் வண்டிகளுக்குத்தான் சோதனை. கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல பிரச்சினை. அது ஃபில்டரில் நின்றுவிடும். ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையுள்ள துகள், ஆயில் படலத்தின் தடிமனையொட்டிய அளவு என்பதால், சரியாக இடுக்கில் போய் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கீறுகிறது.

ஏர் ஃபில்டரை ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஆனால் கழற்றிய கையோடு பஞ்சர் கடையில் கொடுத்துக் காற்றடிக்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. பல வண்டிகளில் இருப்பது எண்ணெயில் நனைத்த காகித ஃபில்டர். அதைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கம்ப்ரஸர் காற்று அந்த எண்ணெய்ப் பசையை ஊதித் தள்ளி, காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் போட்டுவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். அழுக்கான ஃபில்டர் மைலேஜைத்தான் கெடுக்கும். ஓட்டை ஃபில்டர் இன்ஜினையே கெடுக்கும். பஞ்சு ஃபில்டர் இருக்கும் வண்டியில் கதை வேறு: மண்ணெண்ணெய் போன்ற, பெட்ரோலைப் போலச் சட்டென்று தீப்பிடிக்காத திரவத்தில் கழுவி, பிழிந்து, காயவைத்து, மீண்டும் ஆயிலில் நனைத்துப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். காய்ந்த பஞ்சு தூசியைப் பிடிக்காது.

ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனது எங்கே போகிறது? சித்தூரில் ஒரு பட்டறையில் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று. வலதுபக்கக் கிளச் கவரைக் கழற்றியதும் கிராங்க் தண்டின் நுனியில் ஒரு வட்டமான கிண்ணம் தெரிந்தது. இந்த இன்ஜினில் காரில் இருப்பது போலக் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழலும் இந்தக் கிண்ணமும்தான். கிராங்க் சுற்றும் வேகத்தில் கிண்ணத்துக்குள் வரும் ஆயிலில் உள்ள கனமான துகள்கள் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். சுத்தமான ஆயில் நடுவழியே பேரிங்குக்குப் போகும். எளிமையான, அருமையான ஏற்பாடு. மெக்கானிக் மூடியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுவரைச் சுரண்டினார். கறுத்த களிம்பு, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. வெயிலில் திருப்பிப் பிடித்ததும் உள்ளே பொடிப்பொடியாக மினுங்கியது: இரும்பு, அலுமினியம், கிளச் பிளேட்டின் துகள், கரி, நம் ஊர் மண். விரலிடுக்கில் நெருடியது.

"ஆயில மட்டும் மாத்திக்கினே இருந்தாரு சார், இத ஒரு தபா கூடத் தொறக்கல. இன்னா பிரயோஜனம்?" என்றார் அவர்.

கிண்ணம் நிறைந்துவிட்டால் புதிதாக வரும் துகள் ஒட்ட இடமிருக்காது; ஆயிலோடு சுற்றிவரும். கிளச் வேலைக்காக அந்தக் கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் சுத்தம் செய்யச் சொல்வது வாடிக்கையாளரின் வேலை. சொல்லாவிட்டால் பெரும்பாலும் நடக்காது.

ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறைய. "கறுத்துப் போச்சு, மாத்திடுங்க." ஆயிலில் அழுக்கைக் கரைத்துப் பிடித்துவைக்கும் மருந்து சேர்த்திருக்கிறார்கள், கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பார்க்க வேண்டியது வேறு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நெருடக் கூடாது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரக் கூடாது. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிக்கும்போது அடியில் மினுமினுப்பு இருந்தால் ஏதோ ஒன்று உள்ளே அரைபடுகிறது.

எந்த ஆயில் என்பதிலும் பட்டறைக்குப் பட்டறை ஒரு வேதம். "நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் சார்" என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. முன் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. சித்தூரில் அதற்குப் பெரிய வேலையில்லை. பின் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு; 30க்கும் 50க்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் நூலளவு இடுக்குகளோடு 10டபிள்யூ-30க்காகவே வடிவமைத்த புது இன்ஜினில் கெட்டி ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் வரை போய்ச் சேரத் தாமதமாகும். தேய்ந்த பழைய இன்ஜினில் கெட்டி ஆயில் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும். அது சிகிச்சை அல்ல, வண்டியை விற்பவரின் உபாயம். பைக்குக்கு வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்ப்பது எண்ணைவிட முக்கியம். ஜப்பானியர்கள் 1998இல் கொண்டுவந்த தரம் அது. புதிய கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சரக்கு, பைக்கில் அதே ஆயிலில் ஊறும் கிளச் பிளேட்டை வழுக்கவைக்கும். வளைவில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் இரையும், வண்டி நகராது.

டாப்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிக் டிக் என்று சத்தம் கேட்டால் எல்லோரும் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய ஓடுகிறார்கள். சில பட்டறைகளில் சத்தமே வராதபடி இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள்; வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். சூட்டில் வால்வு நீளும்; நாளாக நாளாக வால்வு தன் இருக்கையில் பதிந்து இடைவெளி தானாகவே சுருங்கும். முழுதும் மறைந்துவிட்டால் வால்வு சரியாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடியிருக்கும் அந்த நேரத்தில், இருக்கையோடு ஒட்டும்போது. ஒட்டாவிட்டால் விளிம்பு எரிந்து கருகும். இதெல்லாம் எந்தச் சத்தமும் இல்லாமல் நடக்கும். லேசாகச் சத்தம் போடும் டாப்பெட்டைவிட, சத்தமே போடாத டாப்பெட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

இப்போது இறக்கம். மலையிலிருந்து 40 நிமிடம் இறங்கும்போது பெரும்பாலான நேரம் ஆக்சிலேட்டர் மூடியிருக்கும். கியரில் போட்டு இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவோம். அதுதான் சரியும்கூட. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிவருபவர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தை வாங்குகிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலை ஊசிபோலப் பீச்சும் வகை; கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது அவை பெரும்பாலும் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. மிச்சப்படுத்த அங்கே ஒன்றுமில்லை.

ஆக்சிலேட்டர் மூடியிருக்க, பிஸ்டன் இறங்கிக் காற்றை இழுக்கும், வழியோ அடைத்திருக்கிறது. சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அந்த உறிஞ்சலுக்கு வேறெங்கிருந்தாவது ஏதாவது வந்தாக வேண்டும். ஹெட்டில் வால்வின் காம்பைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கிறது. அது காய்ந்து விறைத்திருந்தாலோ, வால்வு கைடு தேய்ந்திருந்தாலோ, மேலே இருக்கும் ஆயில் காம்பை ஒட்டி வழிந்து உள்ளே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் சேரும். அடிவாரத்தில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் மொத்தமாக எரிந்து ஒரு பெரிய நீலக் கொத்தாக வெளிவரும். சில நொடியில் அடங்கிவிடும். இப்படிப் புகைவிடும் வண்டிக்குப் பெரும்பாலும் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. வால்வு சீல், அதிகம் போனால் கைடு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு மூச்சு நீலப் புகை வருவதும் இதே குடும்பம். இரவெல்லாம் ஆயில் காம்பு வழியே சொட்டியிருக்கும்.

ஏற்றத்தில், பாரம் ஏற ஏற, விடாமல் புகைவிடும் வண்டி வேறு ரகம். அங்கே எரியும் வாயுவின் அழுத்தம் தேய்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது. சுவரில் ரிங் வழித்தெடுக்காமல் விட்ட ஆயில் மேலே எரிகிறது. பிக்கப்பும் குறையும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் ஒரு பழைய சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை மாட்டி அளவு பார்த்துக்கொண்டு, பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது. அளவு ஏறினால் ரிங், சிலிண்டர். விட்ட ஆயில் கொஞ்ச நேரத்துக்கு இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே "போர் போயிடுச்சு" என்று சொல்பவரிடம், கேஜ் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மலைக்கே போகாத வண்டிகளிலும் ஒரு வகைத் தேய்மானம் உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறோம். விடியற்காலையில் கேன்களை மாட்டிக்கொண்டு வீடு வீடாக நிறுத்திப் பால் ஊற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல்100 வண்டி நாள் முழுக்கச் சேர்த்தாலும் அதிக தூரம் போகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அணைத்து, எடுத்து, முழுச் சூடு ஏறும் முன்னே மறுபடி அணைத்து. எரிந்ததில் உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். சூடேறினால்தான் அவை ஆவியாகிப் போகும். இந்த வண்டிகளுக்கு மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து ஆயில் மாற்றுவதே நியாயம். ஸ்டார்ட் ஆனதும் விருட்டென்று முறுக்கும் பழக்கமும் போக வேண்டும். அந்த முதல் நொடிகளில் ஆயில் இன்னும் மேலே போய்ச் சேர்ந்திருக்காது. அதற்காகப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடவும் வேண்டாம். அரை நிமிடம் விட்டு, மெதுவாகக் கிளம்பினால் போதும்.

இவ்வளவையும் மீறி ஒருநாள் போர் வேலை வந்தே தீரும். லேத்தில் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, ஓவர் சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறைக்கு அரை மில்லிமீட்டர், பிறகு முக்கால், ஒன்று என்று போகும். உள்சுவரில் சில நவீன வண்டிகளுக்கு நிக்கல் பூச்சு உண்டு. அவற்றைக் குடைய முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். குடைந்து முடித்தபின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். அழகுக்கு அல்ல, ஆயில் தங்குவதற்கு. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் சிலிண்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

புது ரிங்கும் அந்தக் கோடுகளின் மேடுகளும் ஒன்றையொன்று தேய்த்துச் சமாதானமாக ஐந்நூறு கிலோமீட்டராவது ஆகும். வண்டி சரியானதும் நேர்த்திக்கடன் என்று மறுநாளே இருவராக ஏழுமலை ஏறுபவர்களைப் பார்க்கிறேன். பூஜை போட வேண்டுமானால் காணிப்பாக்கம் போகலாம். சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஏற்றமில்லை, வாகன பூஜைக்குப் பேர்போன இடமும்கூட. அந்த முதல் ஐந்நூறில் ஒரே வேகத்தில் ஓட்டாமல் கூட்டிக் குறைத்து, பாரம் ஏற்றாமல் ஓட்டி, முடிந்ததும் ஆயிலை வடித்துவிட வேண்டும். புத்தம் புதிதாக ஊற்றியதுதானே என்று பார்க்க வேண்டாம். வடிக்கும் தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேய்ந்து வந்த உலோகம் அத்தனையும் அதில்தான் இருக்கும். வடித்த கையோடு கம்பி வலையையும் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள்.